உப்பங்கழி மடவையும் என் மூக்கும்

என் அன்பு மச்சானுக்கு, அல்லிநகரத்திலிருந்து உங்கள் மூக்கு மாப்பிள்ளை எழுதிக்கொள்வது.

அக்காளிடமிருந்து இன்று காலை ஒரு கலயம் வந்திருக்கிறது. வாயில் பனையோலை வைத்துக் கட்டி, மேலே துணி சுற்றி, சுண்ணாம்பால் ஒன்பது கோடு இழுத்து அனுப்பியிருக்கிறாள். கடையில் என் முன்னால்தான் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பிரிப்பதற்கு முன்னால் உங்களோடு கொஞ்சம் பேசிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை அச்சடித்து, வருகிற சனிக்கிழமை தேனிச் சந்தையில் கருவாட்டு வரிசைக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொன்று கொடுக்கப் போகிறேன். செத்துப்போன மச்சானுக்கு எழுதுகிற கடிதத்தை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரி கேட்டாள். உங்களைப் பற்றிச் சந்தை நடுவில் நின்று நான் கத்தியபோது ஊர்தானே கேட்டுக்கொண்டிருந்தது? அதே காதுகளுக்கு இதுவும் போய்ச் சேர வேண்டாமா? அதனால் படிக்கிறவர்களுக்கும் விளங்கட்டும் என்று, உங்களுக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அக்காளைத் தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பங்கழிக் கரை ஊரில் உங்களுக்குக் கட்டிக்கொடுத்தோம். வலைக்காரர்களிடம் மீன் எடுத்து, உங்கள் வீட்டு வளவிலேயே உப்பிட்டுக் காயவைத்து, ஓலைக்கட்டாகக் கட்டி எங்கள் கடைக்கு அனுப்புவீர்கள். சின்னமனூர், கோம்பை, மேகமலைத் தோட்டம் வரைக்கும் உங்கள் சரக்கு ஏறியது. பதினெட்டு வருஷம் ஒரு சொல் வந்ததில்லை.

நான் கட்டின் நடுவிலிருந்து ஒரு மீனை உருவி, செவுளைப் பிரித்து ஒரு தடவை மோந்தால் போதும். எந்தப் பக்கத்து உப்பு, எத்தனை வெயில் கண்டது, மழையில் நனைந்ததா, எல்லாம் சொல்லிவிடுவேன். நீங்கள் வரும்போதெல்லாம், "மாப்ள, அந்த மூக்கை ஒரு நாளைக்கு இரவல் குடுங்க. எங்க ஊர் வலைக்காரனுகளை எல்லாம் பயமுறுத்திட்டுக் கொண்டாந்து தாரேன்" என்று சிரிப்பீர்கள். நானும் அந்தச் சிரிப்பில் உப்பிப்போவேன். ஆனால் கடலை நான் ஒரே தடவைதான் பார்த்திருந்தேன். மறுவீட்டுக்கு வந்தபோது கால் நனைத்ததோடு சரி.

யுத்தம் உச்சத்தில் இருந்தபோது என் மகள் பொன்னுத்தாயி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று அத்தை வீட்டிலிருந்து பால்சுறாக் கருவாடு அனுப்புவது நம் இரண்டு குடும்பத்துக்கும் வழக்கம். போடி ரயில் தண்டவாளத்தையே யுத்தத்துக்கென்று பிடுங்கிக்கொண்டு போயிருந்த காலம் அது. மதுரை வரை ரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டு வண்டியில் ஏறி, எத்தனையோ நாள் கழித்து உங்கள் கட்டு வந்து சேர்ந்தது. மேலே பால்சுறா, அடியில் மடவை. மடவைக் குழம்பு என்றால் எனக்கு உயிர் என்று எனக்காகவும் வைத்திருந்தீர்கள்.

கட்டை அவிழ்த்ததும் உள் அறையில் படுத்திருந்த பொன்னுத்தாயி, "அப்பா, யாரு சீமெண்ணெயைக் கொட்டினது?" என்று கேட்டாள். அவள்தான் முதலில் கண்டவள். நான் மோந்து பார்த்தேன். உண்மைதான். சமைத்துப் பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரி அடுப்பில் வைத்தாள். ஆவி கிளம்பியதும் பிள்ளைக்காரி குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். பச்சை உடம்பு. எனக்குக் கண் மண் தெரியவில்லை.

மறுநாள் சந்தை. அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய் நடுவில் வைத்தேன். "எங்க மச்சான் பண்ணியிருக்க காரியத்தைப் பாருங்கய்யா! சீமெண்ணெய்த் தகரத்துல உப்புத் தண்ணி கலந்து மீனை ஊறப் போட்டிருக்காக! கெட்ட சரக்கை அனுப்புறாக, பொண்டாட்டி பொறந்த வீட்டுப் பிள்ளைக்கே விஷத்தை அனுப்புறாக!" என்றேன். அதோடு நின்றிருக்கலாம். மதுரைக்குப் போகிற வண்டிக்காரரைக் கூப்பிட்டு, கட்டை அப்படியே திருப்பி ஏற்றிவிட்டேன். பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்ததைத் திருப்பி அனுப்பினால் உறவை அறுத்ததாக அர்த்தம். அது தெரிந்துதான் செய்தேன், மச்சான்.

உங்களிடமிருந்து ஒரு கார்டு வந்தது. மூன்றே வரி. 'மாப்பிள்ளை அவர்களுக்கு, இங்கு தகரம் எதுவும் புழங்கவில்லை. தண்ணீர் சரியில்லை. பிள்ளையையும் தாயையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.' படித்துவிட்டு நான் சிரித்தேன். கடலில் எவ்வளவு தண்ணீர்! அது சரியில்லாமல் போகுமா?

எங்கள் பக்கத்து ஆளுக்கு வேறு எப்படித் தோன்றும்? இங்கே தண்ணீர் என்றால் மலையிலிருந்து இறங்கி ஓடிக்கொண்டே இருப்பது. முல்லையாற்றில் இன்றைக்கு எவன் எதைக் கழுவிவிட்டாலும் நாளைக்கு அது வைகையில் போய்ச் சேர்ந்துவிடும். மறுநாள் அதே துறையில் இறங்கிக் குளிப்போம். அவ்வளவு சின்ன ஆறே தன்னைக் கழுவிக்கொள்ளும்போது கடலுக்கு என்ன கேடு என்று நினைத்தேன். சாக்குச் சொல்லக்கூடத் தெரியாத மனுஷன் என்று உங்களை வீட்டில் ஏளனம் செய்தேன்.

அதற்குப் பிறகு நீங்கள் எதுவும் எழுதவில்லை. எங்கள் கடைக்குச் சரக்கும் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு என்று நான் முடிவு கட்டிவிட்டேன். இரண்டு வருஷம் கழித்துத் தந்திதான் வந்தது. மார்வலி என்றார்கள். அக்காளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைக் கூடப்பிறந்த ஆண்களில் மூத்தவன்தான் கொண்டுபோக வேண்டும். நான் அதை வாங்கி மஞ்சள் தடவி, என் தம்பி கையில் கொடுத்து அனுப்பினேன். கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொன்னேன். தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறினான்.

யுத்தம் முடிந்தது. இந்தப் பங்குனியில் அக்காள் ஆள் வைத்துக் கடுதாசி எழுதியிருந்தாள். 'என்னைப் பார்க்க நீ வர வேண்டாம். அவர் விட்டுப்போன வேலை ஒன்று இருக்கிறது. அதை முடிக்க உன்னால்தான் முடியும். வந்து முடித்துக் கொடுத்துவிட்டுப் போ.' வேறு ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரி பையை எடுத்துக் கையில் கொடுத்தாள். கிளம்பிவிட்டேன்.

உங்கள் ஊர்க் கடல் பளிங்காட்டம் இருந்தது, மச்சான். மணலில் காலை வைத்தால் ஒட்டவில்லை. தோணிகள் போய்வந்தன. "தண்ணி நல்லாத்தானே இருக்கு?" என்று அக்காளிடம் கேட்டேன். வந்ததும் வராததுமாக அப்படித்தான் கேட்டேன். அவள் நீர் வற்றும் நேரம் பார்த்து என்னைக் கழிக்குள் கூட்டிப்போனாள்.

போகும் வழியில்தான் நடந்ததைச் சொன்னாள். என்னமோ ஒரு கப்பல் நடுக்கடலில் உடைந்திருக்கிறது. யார் கப்பல், யார் உடைத்தது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் விடிந்தபோது கரை முழுக்கக் கப்பல் எண்ணெய் படிந்து கறுப்பாக இருந்ததாம். சீமெண்ணெய் கிடைக்காத காலமில்லையா, சிலர் அதைச் சட்டியில் வழித்து விளக்கில் ஊற்றியிருக்கிறார்கள். திரி புகைந்து வீடே கரியானதுதான் மிச்சம். அன்றைக்குக் கடல் பெருத்து ஏறிய நாள். எண்ணெய் முழுக்கக் கழிக்குள் ஏறிவிட்டது. அதிகாரி ஒருவர் வந்து, யுத்த காலம், இதை வெளியே யாரும் பேசவோ எழுதவோ கூடாது என்று எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார்.

"உன் மச்சான் எழுத உக்காந்தாக, கிழிச்சாக, மறுபடி உக்காந்தாக. அந்த மூணு வரிக்கு மேல எழுதினா ஊர்ல எவனையாச்சும் பிடிச்சிட்டுப் போயிருவாகன்னு பயம். மாப்ளைக்குப் புரியும்னாக" என்றாள் அக்காள்.

எனக்குப் புரியவில்லையே, மச்சான். அப்படியா என்னை நம்பினீர்கள்?

மணற்கரை ஒரு மழைக்காலத்தில் தெளிந்துவிட்டதாம். வெளிக்கடல் மீனிலும் வாடை சீக்கிரமே போய்விட்டதாம். கழிதான் தெளியவில்லை. அலையாத்திச் செடிகள் இலை உதிர்ந்து, வெறும் குச்சியாக நின்றன. அக்காள் கையிலிருந்த கம்பைச் சேற்றில் ஒரு முழம் இறக்கி எடுத்தாள். குழியில் ஊறிய தண்ணீரின் மேல் பச்சையும் ஊதாவுமாக ஒரு படலம் விரிந்தது. வாடை வந்தது. மூன்றரை வருஷத்துக்கு முன் என் வீட்டு அடுப்பில் கிளம்பிய அதே வாடை.

"வெயில் ஏற ஏறக் கக்கும். மழைக்கு அடங்கும். போச்சுன்னு நினைச்சா மறுபடி வரும்" என்றாள். ஒரு நண்டு வளையை மண்வெட்டியால் இரண்டாகப் பிளந்து காட்டினாள். முன்பெல்லாம் நண்டு நேராகக் கீழே தோண்டிக்கொண்டு போகுமாம். இப்போது ஒரு சாண் போனதும் எண்ணெய்ச் சேறு தட்டுப்பட்டு, வளை பக்கவாட்டில் திரும்பியிருந்தது. வெளியே நின்ற நண்டுகள் நான் கையை நீட்டியும் ஓடவில்லை. நண்டு ஓடாமல் நின்று நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள். சேற்றை அள்ளி அலசினாள். மட்டிச் சிப்பி இருந்தது, ஆனால் எல்லாம் நகக்கண் அளவுக் குஞ்சு. ஒவ்வொரு வருஷமும் குஞ்சு வருகிறது, வளர்வதற்குள் செத்துப்போகிறது என்றாள். வலசை வருகிற உல்லான் குருவிகள் வானத்தில் வட்டமடித்துவிட்டு வேறு பக்கம் போய்விடுகின்றனவாம். மட்டி பொறுக்கிப் பிழைத்த பெண்கள் உப்பளக் கூலிக்குப் போகிறார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு உங்கள் ஓலைக்கட்டில் பால்சுறாவுக்கு வாடை மேல்தோலில்தான் இருந்தது. மடவைக்கு வயிற்றுக்குள் இருந்தது. சுறா வெளிக்கடலில் பிடித்தது, கட்டுக்குள் மடவைக்குப் பக்கத்தில் கிடந்து வாடை வாங்கியது. மடவை கழிச் சேற்றைத் தின்கிற மீன். தகரத்தின் வாடையாக இருந்தால் இரண்டுக்கும் ஒன்றுபோல இருந்திருக்கும். இதை என் மூக்கு அன்றைக்கே கண்டுவிட்டது. நான்தான் கேட்கவில்லை. இந்த மூக்கை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் பெருமை பேசினேன்?

வீட்டுக்கு வந்ததும் உப்பறையைத் திறந்து காட்டினாள். சுவரோரம் ஏழு கலயங்கள் வரிசையாக இருந்தன. எல்லாம் வாய்கட்டி, முதலாவதற்கு ஒன்று, இரண்டாவதற்கு இரண்டு என்று சுண்ணாம்புக் கோடு போட்டவை. முதல் கலயத்தில் இருந்தது நான் திருப்பி அனுப்பிய கட்டின் மடவை. நீங்கள் அதைத் தூக்கி எறியவில்லை. உப்பில் புதைத்து வைத்திருந்தீர்கள். அதற்குப் பிறகு பங்குனிக்கு ஒன்று, ஐப்பசிக்கு ஒன்று என்று கழியில் ஒரு மடவை பிடித்து, அதே உப்பு, அதே வெயில், அதே பக்குவத்தில் புதிதாக ஒரு கலயம். நாலாவது வரைக்கும் உங்கள் கைக்கட்டு. ஐந்திலிருந்து அக்காளின் கைக்கட்டு.

"ஊர்ல பாதிப் பேரு கழி மீனைப் பிடிச்சு அங்கன இங்கன தள்ளத்தான் செஞ்சாக. உன் மச்சான் மட்டும் தொடலை. மாப்ளைகிட்ட ஒரு தடவை கெட்ட சரக்குப் போயிருச்சு, இனி நல்லதுன்னு தெரியாம போகக் கூடாதுன்னாக. யாபாரம் பாதியாச்சு, அதுக்கும் மசியலை" என்றாள். பிறகு ஏழாவது கலயத்தை அவிழ்த்து என் முன்னால் வைத்தாள். "இந்தா, மோந்து சொல்லு. வாடை போயிருச்சா, இருக்கா? அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

மோந்தேன். முன்னைக்கு எவ்வளவோ குறைவு. வேறு யாராக இருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் இருந்தது. அக்காளைப் பார்த்தேன். கழுத்தும் கையும் மூளியாக, நரைத்துப்போய், என் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். போய்விட்டது என்று சொன்னால் அவளுக்கு ஒரு நிம்மதி கிடைக்குமே என்று நினைத்தேன்.

"ஒன்னும் இல்லைக்கா. சுத்தமா இருக்கு" என்றேன்.

அவள் கலயத்தை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "ஏலே, பொய்யி சொல்லவா இம்புட்டுத் தூரம் வந்தே? அவுக சாகுற அன்னைக்குக் காலையிலகூட என்ன சொன்னாக தெரியுமா? ஊரே நல்லாருக்குன்னு சொன்னாலும் மாப்ள மூக்கு சொன்னாத்தான் ஏத்தி அனுப்புவேன்னாக. நீ அம்புட்டுப் பேரு முன்னாடி அவுகளைத் திட்டின பெறகும் உன் மூக்கை நம்பினாக. நீயே அதை நம்பலைன்னா எப்படி?"

அங்கேயே, உப்புத் தரையில் உட்கார்ந்து அழுதேன், மச்சான். வெட்கமாக இல்லை. அழுது முடித்துவிட்டு, "இருக்குக்கா. வயித்துல இருக்கு" என்று சொன்னேன். அக்காள் தலையை ஆட்டிவிட்டு எழுந்து எனக்குச் சோறு எடுத்து வைத்தாள். வெளிக்கடல் மீன் குழம்பு. வாடையே இல்லை. எட்டாவது கலயத்தை இரண்டு பேரும் சேர்ந்து கட்டிவிட்டு வந்தேன்.

இங்கே சேதி எல்லாம் நல்லதுதான். தண்டவாளம் இன்னும் திரும்பி வரவில்லை. பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ்ஸில், மேட்டுக்கு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் மதுரைக்குப் போகிறோம். அன்றைக்குப் பிறந்த உங்கள் பேரனுக்கு நாலு வயசாகிறது. பொன்னுத்தாயி மறுபடி உண்டாகியிருக்கிறாள். நடந்ததை எல்லாம் அவளிடம் சொன்னேன். "இந்தப் பிரசவத்துக்கு அத்தை வீட்டுப் பால்சுறாதான் வேணும். நீங்களே போயிக் கேட்டு வாங்கிட்டு வாங்க" என்றாள். யாரையும் அனுப்பக் கூடாதாம். நானேதான் போக வேண்டுமாம். அவளிடம் அக்காள் சாயல் ஏறிக்கொண்டே வருகிறது.

ஒன்பதாவது கலயத்தின் கட்டை அவிழ்த்துவிட்டேன், மச்சான்.

உப்பைத் தட்டிவிட்டு எடுத்தேன். நல்ல பக்குவம், அக்காள் கை உங்கள் கை மாதிரியே ஆகிவிட்டது. தலையை மோந்தேன், இல்லை. செவுளில் இல்லை. வயிற்றைக் கீறி, கண்ணை மூடிக்கொண்டு மோந்தேன். பொன்னுத்தாயியைக் கூப்பிட்டு அவள் கையிலும் கொடுத்தேன். அவள் மோந்துவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். இருக்கிறது. துளியூண்டுதான், ஆனால் இருக்கிறது. அக்காளுக்கு அப்படியே எழுதப் போகிறேன்.

இது எப்போது போகும் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியாமல்தான் இருந்திருக்கும். பங்குனிக்கும் ஐப்பசிக்கும் நானே வந்து கழியில் இறங்கி மடவை பிடித்து மோந்து சொல்வேன். எனக்குப் பிறகு பொன்னுத்தாயி சொல்வாள். இல்லாததை இருக்கிறது என்றோ, இருப்பதை இல்லை என்றோ எங்கள் வாயில் வராது. இந்தக் கலயத்தைத் திருப்பி அனுப்ப மாட்டேன். சந்தைக்கு வருகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி கடை வாசலில் வைத்து, இது எங்கள் மச்சான் சரக்கு என்று சொல்வேன்.

உங்கள் அக்குறும்பு பிடித்த மைத்துனன்,
அக்காள் கோடியைத் தன் கையால் கொண்டுவராத தம்பி,
அழகர்சாமி.